நல்ல எண்ணெய்

என் மாமனார் பாஸ்கலிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அதை முடிக்காமல் விடமாட்டார். நல்ல குணம்தான். ஆனால் அந்த வேலை தப்பான வேலையாக இருந்தாலும் முடிக்காமல் விடமாட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கீழே நிற்கிறவன் ஒரு விதமாகக் கையை ஆட்டினால் தூக்க வேண்டும், இன்னொரு விதமாக ஆட்டினால் இறக்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. அப்படியே பழகிவிட்டார். அதனால்தான் ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்த தேக்கு மேடை அந்தக் கதிக்கு ஆளாயிற்று.

மேடையைச் செய்தவன் என் கணவன் பென்னி. காதலித்துக் கட்டிக்கொண்டவன் என்பதால் எனக்கு அவன் இவன்தான். மாமனார் எதிரில் மட்டும் 'அவரு'. கத்தாரில் பெரிய மனிதர்களின் வீடுகளுக்குச் சமையலறை செய்து கொடுக்கும் கம்பெனியில் தச்சு வேலை பார்க்கிறான். போன கோடையில் விடுமுறைக்கு வந்தவன், ஊர் சுற்றிக் காட்டுவான் என்று பார்த்தால், கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினான். உத்தரத்துக்குப் போட்டிருந்த தேக்குக் கட்டைகளை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். விடுமுறை பூராவும் அறுத்தான், இழைத்தான், ஒட்டினான். சமையலறையில் இருந்த கடப்பா கல்லைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் ஜன்னல் பக்கத்திலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டி வரைக்கும் ஒரே நீளமாக மரத்தைப் போட்டான்.

அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். தண்ணீர் புழங்கும் இடத்தில் யாராவது மரம் போடுவார்களா என்றார்கள். நானும்தான் கேட்டேன். "கல்லுமேல டம்ளர் வுயுந்தா டம்ளர் காலி. இதுமேல வுயுந்தா ஒண்ணியும் ஆவாது. எண்ண மட்டும் காட்டிகினே இருந்தா நம்ம காலத்துக்கும் நிக்கும்" என்றான் பென்னி. அவன் அதைத் தடவிப் பார்த்த விதத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அந்த மேடை சமைப்பதற்காக மட்டும் செய்தது இல்லை. வேலைத்திறனுக்கு மாதிரியாகக் காட்டவும் செய்தது. வியாசர்பாடியில் டிபன் கடை நடத்தும் சங்கமித்ரா என்பவர் புதிதாக ஒரு பேக்கரி திறக்கப் போகிறார் என்று பென்னியின் சிநேகிதன் ஒருவன் சொல்லியிருந்தான். மாவு பிசைய மேசைகள், கல்லாப் பக்கம் மேடை, உள்ளே சமையல் மேடை என்று மொத்த மர வேலையும் ஒரே ஆளிடம் கொடுக்க நினைத்திருந்தார். பென்னி அவரை வீட்டுக்கு அழைத்து வந்து மேடையைக் காட்டினான். சங்கமித்ரா குனிந்து விளிம்பைப் பார்த்தார், தொட்டி ஓரத்தைப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார்.

"புச்சா இருக்கசொல்லோ எல்லாமே ஷோக்காதான் இருக்கும்" என்றார். "ஒரு மழைக்காலம் போவட்டும். சமைச்சுப் பொழங்குங்க. அப்பால வந்து பாக்கறேன். அப்பவும் இப்டியே இருந்துச்சுன்னா வேலை உங்களுக்குதான்."

அந்த வேலை கிடைத்தால் பென்னி இங்கேயே சொந்தமாகப் பட்டறை போடுவான். கிடைக்காவிட்டால் கத்தார் கம்பெனியின் ஒப்பந்தத்தில் மறுபடியும் கையெழுத்துப் போடுவான். அவ்வளவுதான் விஷயம். உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்த மரத்தின் மேல் பெரிய ஆசை எல்லாம் இல்லை. எனக்கு வேண்டியது பென்னி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனோடு சேர்ந்து ஒரு கிறிஸ்துமஸ்கூடக் கொண்டாடியதில்லை. அவனோடு சண்டை போடுவதுகூடப் போனில்தான். போனில் போடும் சண்டையில் அவனும் ஜெயிப்பதில்லை, நானும் ஜெயிப்பதில்லை, நெட்தான் ஜெயிக்கிறது.

பென்னி கிளம்புவதற்கு முன் ஒரு பாட்டிலில் எண்ணெய் வைத்துவிட்டுப் போனான். சூடான பாத்திரத்தை அப்படியே வைக்கக் கூடாது, தண்ணீர் தேங்க விடக் கூடாது, மீன் நறுக்கினால் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துவிட வேண்டும், மரம் வறண்டு தெரிந்தால் எண்ணெய் தடவ வேண்டும் என்று பாடம் நடத்தினான். நான் காலையில் கிளம்பினால் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் நாள் முழுக்க பில் போடுகிறவள். வீட்டில் இருப்பது மாமாதான், சமைப்பதும் அவர்தான். அத்தை காலமானதிலிருந்து அப்படித்தான். "எண்ண போடறது என் டூட்டி. நீ பேஜாராவாத" என்று மாமா மார்தட்டி வாங்கிக்கொண்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மேடை பளபளக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, முகம் தெரிகிறதே என்று வியந்தார்கள். மாமா மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் மழை பிடித்தது. பளபளப்பு மங்கி ஒரு பிசுபிசுப்பு வந்தது. ஒரு நாள் மாமா படித்துவிட்டு வைத்த செய்தித்தாளை எடுத்தால், தலைப்புச் செய்தி மேடையில் ஒட்டிக்கொண்டு இடவலம் மாறித் தெரிந்தது. எறும்பு வந்தது. துடைக்காத விளக்கில் பழைய எண்ணெய் காய்ந்து கிடந்தால் வருமே, அப்படி ஒரு வாடை. நான் மழையைத் திட்டினேன். பக்கத்துச் சாக்கடையைத் திட்டினேன். எலி செத்துவிட்டதோ என்று அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மாமாவைக் கேட்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு புதன்கிழமை நான் கடையில் இருந்தபோது சங்கமித்ரா போன் செய்தார். மழை விட்டுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனேன். மேடை மேல் இருந்த காபித்தூள் டப்பாவைத் தூக்கினேன். டப்பா வரவில்லை. பலமாக இழுத்தேன். பச்சக் என்ற சத்தத்தோடு வந்தது. டப்பாவின் அடியிலிருந்து பழுப்பாக ஒரு பிசின் நூல் நூலாகத் தொங்கியது.

"மாமா! இதுமேல இன்னா தடவுறீங்க?"

மாமா ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தார். "எண்ண."

"இன்னா எண்ண?"

"பென்னி சொன்ன எண்ணதான். அவன் குட்த்துட்டுப் போன பாட்டிலு அப்பவே தீந்துபோச்சே. போன்ல கேட்டேன், சொன்னான். வாங்கினேன்."

"பேரு சொல்லுங்க மாமா."

"நல்லெண்ண."

அவர் குனிந்து, மேடைக்கு அடியிலிருந்து ஒரு தகர டின்னை இழுத்துக் காட்டினார். "பாக்கெட் எண்ண இல்லம்மா. மரச்செக்குல ஆட்டனது. மரத்துக்கு மரச்செக்குதான் ஒத்துவரும்னு நானே ரோசனை பண்ணி வாங்கினேன். சனிக்கெயமைக்கு சனிக்கெயமை, நா தலைக்கு வச்சிக்கறதுக்கு முன்னாடி இதுக்குதான் வைப்பேன். தேய்ச்சு நல்லா ஊற வுட்ருவேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. போனை எடுத்து பென்னியை வீடியோவில் கூப்பிட்டேன். அவன் அப்போதுதான் வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருந்தான். மேடையைக் காட்டினேன். டப்பாவைக் காட்டினேன். டின்னையும் காட்டினேன்.

"நைனா!" என்று கத்தினான் பென்னி. "நா எப்ப நைனா நல்லெண்ண தடவச் சொன்னேன்?"

"நீதான்டா சொன்ன. பாட்டிலு தீந்தா நல்லெண்ணயா வாங்கித் தடவுன்னு."

"நல்ல எண்ணன்னு சொன்னேன் நைனா! நல்ல... எண்ண!"

"அத்தத்தான்டா நானும் சொல்றேன். நல்லெண்ண."

"ஐயோ, நல்லதா ஒரு எண்ணன்னு சொன்னேன் நைனா!"

"நல்லெண்ணய விட நல்ல எண்ண இன்னாடா கீது?"

வேறு நாட்டில் வேறு பாஷை பேசுகிறவர்களுக்கு இந்த விபத்து நடந்திருக்கவே வாய்ப்பில்லை என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அப்போது நினைத்தது வேறு. "எந்த எண்ணன்னு பேரச் சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? வாயில பேரீச்சம்பயமா வச்சிருந்த?" என்று பென்னி மேல் பாய்ந்தேன்.

பென்னி பெயரைச் சொன்னான். மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின். அதில் கொஞ்சம் தேன்மெழுகை உருக்கிக் கலந்துதான் பாட்டிலில் கொடுத்திருந்தானாம். அது கெட்டுப்போகாது, வாடை அடிக்காது. நல்லெண்ணெய் அப்படியில்லை, காயவும் காயாது, மரத்தில் இறங்கின வரைக்கும் இறங்கிவிட்டு மிச்சம் மேலே நின்று சிக்கு பிடித்துப் பிசினாகிவிடும் என்றான். சுரண்டி எடுக்கலாம், ஆனால் முழு மேடையையும் சுரண்டிக் கழுவிக் காயவைத்து எண்ணெய் போட ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது என்றான். அவன் குரல் அடங்கிப்போயிருந்தது.

"வுடு ஆன்சி. கம்பெனியில இந்த வாரம் கையெழுத்து கேக்கறாங்க. போட்டுடறேன். அடுத்த வாட்டி லீவுல வரசொல்லோ பாத்துக்கலாம்."

"போட்டுப் பாரு" என்றேன் நான். அதற்குமேல் நான் சொன்னது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் முகம் பாதி திறந்த வாயோடு திரையில் உறைந்து நின்றது.

கோபத்தை யார் மேலாவது இறக்கியாக வேண்டும். மாமா பக்கத்திலேயே டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்க புள்ள அங்கியே கெடக்கட்டும்னு நெனச்சிகினு ஊத்துனீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் எண்ணெய்த் துணியை ஒழுங்காக மடித்து டின் மேல் வைத்தார். வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற அளவுக்குக் கோபம் தணியவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கடையில் தகடு வெட்டும் சுயம்பு அண்ணனிடம் போய், உள்ளங்கை அளவுக்கு மெல்லிய எஃகுத் தகடு ஒன்று வேண்டும், விளிம்பு நேராக இருக்க வேண்டும் என்றேன். எதற்கு என்றார். சமையல் மேடையைச் சுரண்ட என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வெட்டி, அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, கை கிழிக்காமல் மூலைகளை மழுக்கிக் கொடுத்தார். தச்சர்கள் சுரண்டுவது அந்த மாதிரித் தகட்டால்தான். பென்னி மேடையை இழைத்தபோது பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உள்ளிருந்து கரகரவென்று சத்தம். மாமா உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கத்திலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முறத்தில் அழுக்குப் பிசின் சுருள் சுருளாகக் குவிந்திருந்தது. அலமாரியில் மருந்துக் கடைப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. தகட்டை அவரிடம் நீட்டினேன். வாங்கித் தடவிப் பார்த்தார்.

"மருந்துக் கடைக்காரன் இன்னா கேட்டான் தெரியுமா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "இத்தினி பாட்டிலு கேக்கறியே பெர்சு, எத்தினி நாளா போவலன்னான்."

"இன்னா?"

"இது வவுறு கட்டிக்கிச்சுன்னா குடிக்கற மருந்தாம்மா! எனக்கு இல்லப்பா, எங்க வூட்டு மேசைக்குன்னேன். அவன் என்னிய டாக்டராண்ட போவச் சொன்னான்."

நான் சிரித்தேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. மாமாவும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "நேத்து நான் சொன்னது தப்பு மாமா" என்றேன். "நீ சொன்னதுல தப்பு ஒண்ணியும் இல்ல. அவன் வரணும்னுதான் பாத்துப் பாத்து ஊத்தினேன். அதான் வவுறு எரியுது" என்றார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

சுரண்டுவது என்பது சாமானிய வேலை இல்லை. தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் அழுத்தி, மர ரேகை ஓடுகிற பக்கமே தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வரும். பிசின் போன இடத்தை வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டுக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். இரும்புச் சட்டி வைத்து வைத்துக் கறுத்துப்போன வட்டம் ஒன்று இருந்தது. அதில் எலுமிச்சையைப் பிழிந்து வைத்தால் முக்கால்வாசி போயிற்று. என் தோள் கழன்றுவிடும் போல் வலித்தது. கடையில் பில் போடும்போது விரல்கள் மடங்க மறுத்தன. ஆனால் அழுக்குக்குக் கீழேயிருந்து மரம் தேன் நிறத்தில் எழும்பி வந்தபோது, பென்னி ஏன் அதை அப்படித் தடவினான் என்று புரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாதிதான் முடிந்தது. காய்ந்திருந்த ஜன்னல் பக்கத்துப் பாதிக்கு மட்டும் எண்ணெய் போட்டோம். மாமா வழக்கம்போல் பாட்டிலைக் கவிழ்க்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். துணியில் கொஞ்சம் நனைத்து மெல்லிசாகத் தடவி, மரம் குடிக்கிற வரைக்கும் விட்டு, குடிக்காமல் நின்றதை எல்லாம் உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தெடுத்தேன்.

"இவ்ளோதானா?" என்றார் மாமா, ஏமாற்றத்தோடு.

"இவ்ளோதான்."

"தடவறத விடத் தொடைக்கறதுதான் ஜாஸ்தியா கீது."

தொட்டிப் பக்கத்துப் பாதி அப்படியே பிசுபிசுத்துக் கிடந்தது. ஞாயிறு காலை பூசை முடிந்ததும் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் அதையும் சுரண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். ஆனால் நாங்கள் கோயிலிலிருந்து திரும்பி நான் புடவை மாற்றுவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சங்கமித்ரா. சாயங்காலம் கடையில் ஆள் இல்லை, அதனால் இப்போதே வந்துவிட்டேன் என்றார்.

ஓடிப்போய், திராட்சைக் கொத்துப் போட்ட மேசை விரிப்பை எடுத்துத் தொட்டிப் பக்கத்துப் பாதி மேல் விரித்தேன். அதன் மேல் பூ ஜாடியை வைத்தேன். மாமாவைப் பார்த்துக் கண்ணால் எச்சரித்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று அர்த்தம்.

சங்கமித்ரா உள்ளே வந்தார். பேச்சு குறைவு அவருக்கு. ஜன்னல் பக்கத்தில் நின்று உள்ளங்கையை மேடை மேல் வைத்து மெதுவாக இழுத்தார். குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். "மழையில இது ஒண்ணியும் ஆவலயா?" என்றார். அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தால் போதும், பென்னி வந்துவிடுவான்.

மாமா ஜாடியைத் தூக்கினார். விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அது ஒட்டிக்கொண்டு, பர்ர் என்று உரிந்து வந்தது. கீழே பழுப்புப் பிசின், அதில் திராட்சைக் கொத்தின் சாயம்.

"இத்தயும் பாத்துக்கோம்மா" என்றார். "இது நா பண்ண கலீஜு. என் புள்ள வேலையில கொறை இல்ல. அவன் போன்ல நல்ல எண்ண தடவச் சொன்னான். நா நல்லெண்ண ஊத்திட்டேன்."

சுரண்டும் தகடு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சங்கமித்ரா அவரையே பார்த்தார். "இன்னா சொன்னாரு? இன்னொருக்கா சொல்லுங்க."

"நல்ல எண்ண."

"நீங்க ஊத்துனது?"

"நல்லெண்ண."

சங்கமித்ரா இரண்டையும் தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை வேகமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தப் பேச்சு குறைந்த பெண் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். எங்களுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. சிரிப்பு நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது போவுமா?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கமும் இப்டிதான் இருந்துச்சுக்கா" என்றேன். "சுரண்டி எடுத்துதான் இப்டி ஆக்கினோம்."

"காட்டு."

தகட்டை எடுத்துக் காட்டினேன். நான் நாலு இழுப்பு இழுத்ததும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மாவு பிசைந்து பழகிய கை. அழுத்தம் சரியாக விழுந்தது. பழுப்பு சுருண்டு வர வர, கீழே மரம் தெரிந்தது. மாமா வெந்நீர் வைத்தார், பிறகு டீ போட்டார். பேக்கரிக்கு வாடகைக்கு எடுத்த இடத்தில் முன்பு இருந்தவர்கள் போட்ட பலகை ஒரு மழைத் தண்ணீருக்கே உப்பி உரிந்து, அப்படியே பெயர்த்துக் குப்பையில் போட வேண்டியிருந்ததாம். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு முழ அகலத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

கையைக் கழுவிக்கொண்டு, "எனக்கு ஒண்ணு நல்லாப் புரிஞ்சுபோச்சு" என்றார். "இது எனக்குச் சரிப்பட்டு வராது."

நான் மாமாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அல்லது எதையாவது எடுத்து எறிந்திருப்பேன்.

"செஞ்சவரு கத்தார்ல குந்திகினு போன்ல சொல்றதா இருந்தா" என்று முடித்தார் சங்கமித்ரா. "என் கடையில வேலை செய்றவங்க எல்லாம் எங்க ஏரியாப் பொம்பளைங்க. நல்ல எண்ண போடுன்னா அத்தினி பேரும் நல்லெண்ணதான் ஊத்துவாங்க. நானே ஊத்துவேன். மரம் கெட்டா திருப்பி எடுக்கலாம்னு கண்ணால பாத்துட்டேன். எடுக்கறதுக்கு ஆள் ஊர்ல இருக்கணும். அப்பப்ப வந்து கையால தொட்டுப் பாக்கணும், திட்டணும். உங்க வூட்டுக்காரரு ஊரோட வந்துட்டார்னா மொத்த வேலையும் அவருக்குதான். வரமாட்டார்னா சொல்லிடு, நா எவர்சில்வரே போட்டுக்கறேன்."

ஸ்கூட்டர் கிளம்பிப் போகும் வரைக்கும் நான் வாசலில் நின்றேன். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் தெருமுனையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கிடையில் புகுந்து மறைந்துவிட்டார். உள்ளே வந்து பென்னியைக் கூப்பிட்டேன். அங்கே வேலை நாள். தலையில் ஹெல்மெட்டோடு, பின்னால் ஏதோ இயந்திரம் இரைய, எடுத்தான். நடந்ததைச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

அவன் மரத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டான். சுரண்டின இடத்தில் குழி விழுந்திருக்கிறதா? தொட்டி ஓரத்தில் இணைப்பு வாய் பிளந்திருக்கிறதா? நிறம் இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிறதா, போனை அந்தப் பக்கம் திருப்பு.

நான் போனைத் திருப்பவில்லை. "போன்ல எதையும் கேக்காத, பென்னி" என்றேன். "வந்து பாரு."

இந்தத் தடவை நெட் நன்றாகத்தான் இருந்தது. அவன் கண் சிமிட்டுவது தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சூப்பர்வைசரு அதோ நிக்கறாரு" என்றான். "ஒரு நிமிஷம் இரு. சொல்லிட்டு வந்துடறேன்."

"இன்னான்னு?"

"கையெழுத்து போடல, வூட்டுக்குப் போறேன்னு."

போனை மேடை மேல் வைத்துவிட்டு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். மாமா பயந்துபோய், ஈரத் துணியும் கையுமாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா? மாட்டேன்னுட்டானா?"

"வர்றாரு, மாமா" என்றேன்.